தோள் நுழையாத நைட்டிகள்

பிள்ளைகளே,

போன வாரம் சாப்பிடும்போது புது மெஷின் வாங்குவதைப் பற்றிப் பேச்சு வந்தது. உங்களில் மூத்தவன் சொன்னான்: "அப்பா அந்தக் காலத்துலயே துணிஞ்சு நைட்டியில இறங்கினவர். இப்ப எதுக்கு இம்புட்டுப் பயப்படுதார்னு தெரியல." சின்னவளும் அதற்குத் தலையாட்டினாள். நான் கை கழுவப் போய்விட்டேன். அன்றிலிருந்து அந்தப் பேச்சு மனசில் கிடந்து உறுத்துகிறது. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நைட்டியில் இறங்கினவன் நான் இல்லை. உங்கள் பெரியப்பா. அவரை நம் யூனிட்டில் கத்தரியோடு கட்டிங் டேபிள் முன்னால் நிற்கிறவராகத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் மற்ற டெய்லர்களோடு சேர்ந்து நின்று கூலி வாங்கினவராகத்தான் உங்களுக்குத் தெரியும். "பெரியப்பா எதுலயும் நிலைச்சு நிக்க மாட்டார்" என்று வீட்டில் காதில் விழுந்ததை நீங்களும் விளையாட்டாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவர் இருந்தபோது சொன்னீர்கள், அவரும் கூடவே சிரித்தார். இனிமேல் சொல்லாதீர்கள்.

எண்பதுகளில், நீங்கள் யாரும் பிறப்பதற்கு முன்னால், ராஜபாளையத்தில் நம் வீட்டு முன்கூடத்திலேயே எங்கள் தொழில். உள்பாவாடை தைத்து விற்றோம். அண்ணன் வெட்டுவார். அக்கம்பக்கத்துப் பெண்கள் தைப்பார்கள். நான் டஜன் டஜனாகக் கட்டி, மதுரைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ்ஸில் கொண்டுபோய்க் கடைகளில் போடுவேன். உள்பாவாடையில் ஒரு சௌகரியம், அளவு என்பதே வேண்டாம். உயரத்தில் கொஞ்சம் கூடக்குறைய வைத்தால் போதும். இடுப்பில் நாடா இருக்கிறது. இழுத்துக் கட்டினால் ஒல்லிக்கும் சேரும், பருமனுக்கும் சேரும். அப்பா காலத்தில் எப்படி வெட்டினோமோ அப்படியே வெட்டினோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடைக்காரர் இருந்தார். நான் மூட்டையோடு போய் நின்றால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "பாவாடையா? போன மாசம் வச்சது அங்கனதான் கிடக்கு, அதுக்கு மேல வை" என்பார். எனக்கு அது நிம்மதியாக இருக்கும். பேரம் இல்லை, கேள்வி இல்லை. ஒருநாள் அண்ணனும் கூட வந்தார். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றார்.

"என்னண்ணே?"

"பிரிச்சுக்கூடப் பாக்கலலே அந்த மனுசன்."

"பாக்காட்டி நல்லதுதான. சரக்குல நம்பிக்கை."

"நம்பிக்கை இல்லலே. நாளைக்கு நம்ம மூட்டைக்குப் பதிலா வேற எவன் மூட்டைய வச்சாலும் அவருக்கு வித்தியாசம் தெரியப்போறதில்ல. நாம இருக்கோமா இல்லையான்னே அவருக்குத் தெரியல."

அவருக்கு அதுதான் கடைசிவரை நோய் மாதிரி. செய்த வேலையை ஒருத்தர் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒருமுறை கொல்லம் வண்டியில் கேரளத்துப் புனலூருக்குச் சரக்கு போடப் போனவர், அங்கே பெண்கள் பகலிலேயே கழுத்திலிருந்து கால்வரை ஒரே அங்கியாய் நைட்டி போட்டுக்கொண்டு கடை வாசல்வரை வந்து மீன் வாங்குவதைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் வராததுமாக சோப்புப் பெட்டி அட்டையைப் பிரித்துப்போட்டு, மதினியைப் பக்கத்தில் நிறுத்தி, பென்சிலால் அளவு கீற ஆரம்பித்துவிட்டார். மதினி என்றால் உங்கள் பெரியம்மா. கல்யாணத்துக்கு முன்னால் மில்லில் வேலை பார்த்தவர். ஈர்க்குச்சி மாதிரி இருப்பார்.

முதல் நைட்டியை மதினிதான் போட்டுக் காட்டினார். தைக்க வந்த பெண்கள் எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ஏட்டி, ஒறை மாட்டுன தலகாணி கணக்கால்லா நிக்க!" என்றாள் ஒருத்தி.

"வாசல்ல நின்னுராத, எவனாவது தூக்கி மெத்தையில போட்டுருவான்" என்றாள் இன்னொருத்தி.

அடுத்த வீட்டுத் தெலுங்குக்காரம்மா மட்டும் துணியைத் தொட்டுப் பார்த்து, "பாகுந்தி, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மதினிக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "சிரிக்கவளுக எல்லாம் சிரிங்க. காத்து என்னமா வருது தெரியுமா? நீங்க கெடந்து புழுங்குங்க" என்றார். அண்ணன் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

வாங்கி வைத்திருந்த துணி போதாது என்று கடனுக்கும் துணி எடுத்தோம். கூடம் முழுக்கப் பூப்போட்ட துணி. மூட்டை மூட்டையாகப் புனலூருக்குப் போனது. அங்கே நம் பக்கத்திலிருந்து போய்க் கடை வைத்திருந்த பாய் ஒருவர்தான் மொத்தமாக எடுத்துக்கொண்டார். சில நாளில் அவரே கூட வந்து மூட்டைகளை இறக்கினார். முக்கால்வாசி திரும்பிவிட்டது.

"தம்பி, தையல்ல ஒரு குத்தமும் சொல்ல முடியாது" என்றார் பாய். "தலை போகுது, தோள் போக மாட்டேங்குது. மீறிப் போட்டவளுக்கு மூச்சு விட முடியல. நான் தெரியாமத்தான் கேக்கேன், உங்க ஊருல பொம்பளையளுக்குச் சோறு போடுதியளா, இல்லையா?"

கூடத்தில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அண்ணனும் சிரித்தார். பாயைச் சாப்பிட வைத்து, வண்டி ஏற்றி அனுப்பிவிட்டு வந்த பிறகுதான் அந்த மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, "நம்ம வீட்டுப் பொம்பளையளையே உலகத்து அளவுன்னு நெனச்சுட்டேன்லே" என்றார்.

யோசித்துப் பாருங்கள், வேறு யார் செய்தாலும் இந்தத் தப்பு வந்திருக்காது. சாதாரண டெய்லர் ஒருத்தியை மட்டும் அளந்துவிட்டு ஊருக்கே வெட்டுவானா? நாங்கள் நாடா வைத்துத் தைத்தே வளர்ந்தவர்கள். எந்த உடம்புக்கும் சேரும் என்பது எங்கள் ரத்தத்தில் ஊறிவிட்டது. தோளுக்கு நாடா கிடையாது என்பது மூட்டை திரும்பி வந்த பிறகுதான் உறைத்தது.

நான் அதோடு விட்டுவிடுவோம் என்றேன். அண்ணன் விடவில்லை. ஆனால் மறுநாளே தொழிலைப் பிரித்துவிட்டார். சண்டையில்லை, பஞ்சாயத்தில்லை. துணிக்கடன் முழுவதையும் தன் பேரில் எழுதிக்கொண்டார். பாவாடை வியாபாரத்தை என்னிடம் விட்டார். பாதி மெஷின்களை அடுத்த தெருவில் ஒரு கொட்டகைக்கு எடுத்துப் போனார்.

"அண்ணே, நானும் கூட வாரேன்" என்றேன்.

"வேண்டாம்லே. ரெண்டு பேரும் ஒண்ணா கெணத்துல இறங்கினா, மேல நின்னு கயிறு பிடிக்க ஆள் வேணாமா?"

பெரியவர் சொன்னால் தம்பி கேட்டுக்கொள்ள வேண்டியது. கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு அளவு தேடிப் போனார்கள், அவரும் மதினியும். ஊர் பேர் தெரியாத பெண்களுக்கு ஓர் ஆண்பிள்ளை எப்படி அளவெடுப்பது? கொடியில் காய்ந்த துணியை எட்ட நின்று கையால் அளந்து பார்த்தவரை, புனலூரில் ஒருத்தி விளக்குமாற்றோடு துரத்தியிருக்கிறாள். "அடி விழுந்தா அளவு தெரியும்னா நின்னுருப்பேன், அது தெரியாதுன்னுதான் ஓடிட்டேன்" என்று அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பிறகு மதினிதான் போனார். பாய் வீட்டம்மா அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி வைத்தார். மதினிக்கு இஞ்ச் டேப் படிக்க வராது. பாவாடை நாடாவை வெட்டிக் கொண்டுபோய், ஒவ்வொருத்திக்கும் ஒரு நாடா, தோளுக்கு ஒரு முடிச்சு, நெஞ்சுக்கு ஒரு முடிச்சு, உயரத்துக்கு ஒரு முடிச்சு என்று போட்டுக்கொண்டு வந்தார். ரயிலை விட்டு இறங்கும்போது அத்தனை நாடாவும் கழுத்தில் மாலை மாதிரி கிடந்தது. ஸ்டேஷனில் போர்ட்டர் கேட்டாராம், "எந்தக் கோயில் மாலை தாயி இது?" என்று.

அந்த நாடாக்களைப் பரப்பி வைத்து அண்ணன் புதிதாக அளவு அட்டை வெட்டினார். தோள் சரியாக விழுந்தது. பாய் இந்த முறை ஒன்றைக்கூடத் திருப்பவில்லை. இன்னும் பத்து மடங்கு வேண்டும் என்றார்.

இங்கேதான் என் மனசு ஆறவில்லை. பத்து மடங்கு கேட்டு வந்தபோது அண்ணனிடம் ஒரு மடங்குக்குக்கூடத் துணி இல்லை. பழைய துணிக்கடன்காரர்கள் வாசலில் நின்றார்கள். தைத்த பெண்கள் வேலை இல்லாமல் எத்தனை நாள் உட்காருவார்கள், தளவாய்புரம் பக்கம் வேறு யூனிட்டுகளுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்த சின்ன அளவு நைட்டிகளாவது உள்ளூரில் போகுமா என்று பார்த்தார். நம் பெண்களுக்கு அது கச்சிதமாகச் சேர்ந்தது, ஆனால் போட்டுக்கொண்டு வெளியே வர ஒருத்திக்கும் தைரியமில்லை. மதினி ஒருத்தர் மட்டும் நைட்டிக்கு மேல் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு குழாயடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனார். போகப்போக மற்ற பெண்களும் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். இன்றைக்கு நம் தெருவில் அதுதானே உடுப்பு! அது வருவதற்குள் அண்ணனின் மெஷின்கள் போய்விட்டன.

கொட்டகையைக் காலி செய்த அன்றைக்கு, அட்டைகளை எல்லாம் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இந்தா. இதுல தப்பு எதுவும் கிடையாது. தப்பையெல்லாம் நான் பண்ணி முடிச்சுட்டேன். நீ தை."

பங்காகச் சேர்ந்துகொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றார். "பங்குன்னா என் கை சும்மா இருக்காதுலே. உன் பிழைப்ப வச்சு விளையாடிருவேன். கட்டிங் மாஸ்டருக்கு என்ன கூலியோ அதக் குடு, கையக் கட்டிக்கிட்டு நிக்கேன்."

அப்படித்தான் நைட்டி என் தொழில் ஆனது. துணிஞ்சவன் என்று ஊர் என்னைச் சொல்கிறது. பரிசோதனை முடிந்த அட்டையை வைத்துத் தைக்கத் துணிச்சல் எதற்கு?

ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதாகச் சொன்னவர் நிற்கவில்லை. ஒருநாள் டீக் குடிக்கும்போது, "பச்சப்பிள்ளைக்காரி என்ன செய்வா? நெஞ்சுக்கிட்ட ரெண்டு பக்கமும் ஜிப் வச்சா என்ன?" என்பார். நான் வேண்டாம் என்பேன். நன்றாகப் போகிற சரக்கை எதற்குக் கெடுக்க வேண்டும்? "கொஞ்சமா வச்சுப் பாரு, போகலைன்னா என் கூலியில பிடி" என்பார். முதலில் வைத்த ஜிப் துணியைக் கடித்துக்கொண்டது. திட்டு வாங்கினோம். மறுபடி வைத்தோம், அது ஓடியது. பிறகு பக்கவாட்டில் பை. பிறகு உடம்பு பெருத்தவர்களுக்கென்று தனியாக ஓர் அளவு. ஒவ்வொரு முறையும் நான் பயந்தேன். கொஞ்ச நாளில் மற்ற யூனிட்காரர்களும் அதையே செய்வார்கள். நான் கோபப்படுவேன். அவருக்கு வராது. "செய்யட்டும்லே. அவிய பிடிக்கதுக்குள்ள நாம அடுத்ததுக்குப் போயிருவோம். ஓடுத தண்ணிதான் நாறாது" என்பார்.

நம்மோடு தொடங்கிய எத்தனையோ யூனிட்டுகள் தொண்ணூறுகளில் மூடிப் போயின. அவர்கள் நம்மைவிட மோசமாகத் தைத்தார்கள் என்று நினைக்காதீர்கள். சிலர் நம்மைவிட நன்றாகவே தைத்தார்கள். விற்கிறதையே விற்றுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். நம் யூனிட்டில் ஒரு மனுஷன் கூலிக்கு நின்றுகொண்டு எங்களைச் சும்மா இருக்க விடாமல் பார்த்துக்கொண்டார். நீங்கள் சாப்பிட்ட சோறு அதில் வந்தது. எனவே மெஷினை வாங்குங்கள். நான் பயப்படுவேன், அது என் சுபாவம். அதைப் பார்க்காதீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், இறங்குகிறபோது ஒருத்தனைத் தனியாக இறங்க விடாதீர்கள். கயிறு பிடிக்கிறேன் என்று மேலே நின்றவனுக்கு ராத்திரி தூக்கம் வராது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம் அண்ணன் என்னிடம் வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் ஒரு சின்னக் கடை பார்த்திருப்பதாகச் சொன்னார். 

"இங்க என்ன குறைண்ணே உங்களுக்கு?"

"ஒரு குறையும் இல்ல. நீ ராசா மாதிரி வச்சிருக்க."

"பொறவு என்ன?"

கத்தரியைக் கீழே வைத்தார். "இங்க தப்புப் பண்ண எனக்கு உரிமை இல்லல்லா தம்பி. ஒண்ணு சொல்லுதேன், உனக்கு வேர்க்குது. அந்த வேர்வையப் பாத்துட்டு, சொல்ல வந்ததுல பாதிய முழுங்கிருதேன். தப்போ ரைட்டோ, சாகுறதுக்கு முன்ன எனக்குன்னு ஒரு இடம் வேணும்."

உடம்பு முன்போல் இல்லை. மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மதினியிடம் போய், நீங்களாவது சொல்லுங்கள் என்றேன். "நான் அவிய கூட ஒறை மாட்டிக்கிட்டே நின்னவ. இப்ப வந்து என்னத்தச் சொல்ல?" என்றார் மதினி.

கடை என்றால் அகலமாய்க் கை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். ஒரு தையல் மெஷின், ஒரு கண்ணாடி, கம்பியில் நைட்டிகள். ரெடிமேட் கடைகளில் எல்லாம் விற்ற பொருளைத் திருப்ப முடியாது என்று எழுதிப் போட்டிருப்பார்கள். அண்ணன் நேர்மாறாகச் செய்தார். வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுப் பாருங்கள், எங்கே பிடிக்கிறதோ எங்கே தொங்குகிறதோ சொல்லுங்கள், நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே சரிசெய்து தருகிறேன் என்றார். பக்கத்துக் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, "உங்க அண்ணனுக்கு வெவரம் பத்தாதா? உடுத்திக் கசக்கிட்டுக் கொண்டாந்து குடுத்தா என்ன செய்வாரு?" என்று கேட்டார். அதே கேள்விதான் எனக்கும்.

ஆடிப்பூரத் தேருக்கு வந்த கூட்டத்தில் கொஞ்சம் விற்றது. அதற்குப் பிறகு பல நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். ஆனாலும் காலை பஸ்ஸில் ராஜபாளையத்திலிருந்து போவதும் சாயங்காலம் திரும்புவதுமாக, முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. ஒருநாள் நான் போயிருந்தபோது, ஓர் அம்மா அவர் சரிசெய்து கொடுத்ததைக் கண்ணாடி முன்னால் பிடித்துப் பார்த்து, உள்தையலைத் திருப்பிப் பார்த்து, மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்து லேசாகப் புருவத்தைத் தூக்கினார்.

ஐப்பசி மழையில் நெஞ்சுவலி வந்து ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மயக்கம் தெளிந்த நேரத்தில் மதினியிடம், "கடைய யாரு தொறந்தா?" என்று கேட்டார்.

"யாரும் தொறக்கல. பூட்டித்தான் கெடக்கு. நீங்க எந்திரிச்சு வந்து தொறங்க" என்றார் மதினி.

"தீபாவளி வருது" என்றார்.  மறுநாள் விடியும்போது போய்விட்டார்.

அந்தக் கடை ஓடியிருக்குமா, அதுவும் திரும்பி வந்த மூட்டைபோல் ஆகியிருக்குமா என்று யாருக்கும் தெரியாது. ஒரு வருஷம் கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும். ஜெயித்தார் என்று உங்களிடம் சொல்ல எனக்கு ஆசைதான். தெரியாததை எப்படிச் சொல்வேன்?

காரியம் எல்லாம் முடிந்த பிறகு, கடையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார் மதினி. ஒரு காலையில் நான் மட்டும் போனேன். ஷட்டரைத் தூக்கிச் சரக்குகளைக் கம்பியிலிருந்து இறக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பை.

"அண்ணாச்சி இல்லையா? ரெண்டு மூணு தடவ வந்து பாத்துட்டேன், பூட்டியே கெடந்துச்சு. இது கால்ல தட்டுது. கொண்டாந்தா சரிபண்ணித் தாரேன்னு சொன்னாங்க."

விஷயத்தைச் சொன்னேன். அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். பிறகு பையோடு திரும்பிப் போகப் பார்த்தாள். "குடுத்துட்டுப் போங்கம்மா" என்றேன். கோயிலுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லி, எவ்வளவு மடிக்க வேண்டும் என்று ஒரு ஊக்கைக் குத்திக் கொடுத்துவிட்டுப் போனாள்.

எனக்குத் தைக்கத் தெரியும், ஆனால் விற்கவே பழகின கை. அண்ணனின் மெஷினில் உட்கார்ந்து, அடிப்பக்கத்தை மடித்து ஓட்டினேன். கோணலாகப் போயிற்று. பிரித்தேன். மறுபடி ஓட்டினேன், ஓரிடத்தில் இழுத்தது. அதையும் பிரித்து, மூன்றாவது தடவை மெதுவாக, சுற்றிலும் ஒரே அகலமாகத் தைத்து முடித்தேன். நூலை அறுத்துவிட்டு, உள்பக்கத்தைத் திருப்பித் தையல் முழுவதையும் விரலால் தடவிப் பார்த்தேன். பிறகு காலியாகிப்போன கம்பியில், அவள் வரும்போது கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து, அதை மட்டும் மாட்டி வைத்தேன்.